காட்டில் பாதை வகுக்கும் மென்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஒஸ்லோ நகரை ஒட்டிய நூர்மார்கா காட்டில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே துணையாகக் கொண்டு ஓடும் ஓரியன்டீரிங் விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டப்பட்ட இடங்களில் செம்மஞ்சளும் வெள்ளையுமான கொடிகள் தொங்கும். அந்த இடங்களைக் 'கண்ட்ரோல்' என்பார்கள். அவற்றை வரிசை தவறாமல் தேடிப் பிடித்து, குறைந்த நேரத்தில் முடிவிடத்துக்கு வந்து சேர வேண்டும். இடையில் எந்த வழியாகப் போவது என்பது ஓடுபவரின் விருப்பம். அந்தக் கொடிகள் எங்கே தொங்க வேண்டும் என்று முடிவு செய்யும் பாதை அமைப்பாளரைப் பற்றி அப்போது இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவருடைய வேலையையும் அவர் பயன்படுத்தும் மென்பொருளையும் பற்றியே கேட்கின்றன. எங்கள் ஊர்க் கழகத்தில் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில், இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி வளாகம் சுமார் 12 ஏக்கர். செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டு மாணவர்களை ஓடவிட்டேன். 40 பிரதிகளுக்கு வட்டம் போட்டு முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது. ஒரே கொடிக்கு ஒவ்வொரு தாளிலும் வட்டம் ஒவ்வோர் இடத்தில் விழுந்திருந்தது. விலையில்லாமல் கிடைக்கும் மென்பொருள் ஏதாவது உண்டா?
— உடற்கல்வி ஆசிரியை, மதுரை

பதில்: உண்டு. பீட்டர் கோல்டு என்ற அமெரிக்கர் எழுதி இலவசமாக வழங்கும் 'பர்ப்பிள் பென்' உங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் கணினியில் இயங்கும். ஓரியன்டீரிங் வரைபடத்தில் பாதையை ஊதா நிறத்தில் அச்சிடுவது மரபு. பெயர் அதிலிருந்து வந்தது. நீங்கள் பட்ட பாட்டை இந்த விளையாட்டின் மூத்தவர்கள் எல்லோரும் பட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தொடக்க இடத்தில் ஒரு மூல வரைபடத்தை வைத்துவிடுவார்கள். ஓடுபவர்களே அதைப் பார்த்து வட்டங்களைத் தங்கள் தாளில் சிவப்புப் பேனாவால் பிரதி செய்துகொண்டு புறப்பட வேண்டும். அவசரத்தில் வட்டம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால், காட்டில் அரை மணி நேரம் போய்விடும்.

ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வரைபடத்தை வரையும் மென்பொருள் வேறு, வரைந்த படத்தின்மேல் பாதையை அமைக்கும் மென்பொருள் வேறு. பர்ப்பிள் பென் இரண்டாவது வகை. டென்மார்க்கிலிருந்து வரும் 'கொண்டெஸ்' என்ற கட்டண மென்பொருளும் அவ்வகையே. படம் வரைவதற்கு 'ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் 'ஓகேட்' இரண்டு வேலையையும் செய்யும். காசு கொடுத்து வாங்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் வேப்பமரத்தின் தலை தெரியும். அதன் அடியில் உள்ள திண்ணையும் தண்ணீர்த் தொட்டியும் தெரியாது. ஆகவே முதலில் மேப்பரை ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு, மாணவர்களையும் அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி நடந்து, சுவர், படிக்கட்டு, மரம், கிணறு என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் படம் வரையுங்கள். இந்த வேலைக்கு இரண்டு மூன்று வார இறுதிகள் ஆகும், ஆனால் படம் பல ஆண்டுகளுக்கு உதவும்.

அளவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 12 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 220 மீட்டர். 1:4000 அளவையில் அது தாளில் 5.5 சென்டிமீட்டராகச் சுருங்கி, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 1:2000 என்றால் 11 சென்டிமீட்டர்; பாதி ஏ4 தாளில் அழகாக அடங்கும். படத்தைப் பி.டி.எஃப். கோப்பாக பர்ப்பிள் பென்னுக்குள் கொண்டுவரும்போது அது அளவையைக் கேட்கும். அங்கே 2000 என்பதற்குப் பதிலாக 4000 என்று தட்டிவிட்டால், மென்பொருள் எந்த எதிர்ப்பும் காட்டாமல் எல்லாத் தூரங்களையும் இரண்டு மடங்காகக் காட்டும்.

கேள்வி: வட்டமும் கோடும் போட எந்த டிராயிங் மென்பொருளும் போதுமே? இதற்கென்று தனி மென்பொருள் எதற்கு?
— பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி. டிராயிங் மென்பொருளில் வட்டம் என்பது வெறும் வட்டம்; இங்கே அது ஒரு பதிவேடு. நீங்கள் ஒரு கண்ட்ரோலை வைத்தவுடன் அதற்கு இடம், குறியீட்டு எண், விளக்கம் ஆகிய மூன்றும் உண்டாகிவிடுகின்றன. எல்லாக் கண்ட்ரோல்களையும் முதலில் ஒரு பொதுத் தொகுப்பில் வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்துச் சிறுவர் பாதை, மகளிர் பாதை, முதியோர் பாதை என்று கோக்கிறோம். பூக்காரர் ஒரே கூடையிலிருந்து பல மாலை கட்டுவதைப் போன்ற வேலை. 47ஆம் எண் கண்ட்ரோலை 20 மீட்டர் கிழக்கே நகர்த்தினால், அது இடம்பெறும் ஐந்து பாதைகளிலும் வட்டமும், கோடும், வரிசை எண்ணும், நீளமும் தாமாகவே திருந்திவிடும். கையால் செய்தால் இந்த ஐந்தில் ஒன்று நிச்சயம் விடுபடும்.

விளக்கம் என்று சொன்னதைச் சற்று விரித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை உண்டு. நூர்மார்காவில் நான் அண்மையில் வைத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 3, அதாவது பாதையில் மூன்றாவது. இரண்டாவதில் 47, கொடியின் அருகே எழுதியிருக்கும் எண். மூன்றாவதில் மேற்கே நோக்கும் அம்பு, அதாவது அருகருகே உள்ள இரண்டில் மேற்கே இருப்பது. நான்காவதில் நிரப்பிய கறுப்பு முக்கோணம். பாறாங்கல் என்று பொருள். ஐந்தாவது காலி. ஆறாவதில் 1.5, கல்லின் உயரம் மீட்டரில். ஏழாவதில் வட்டத்தின் வலப்பக்கம் ஒரு புள்ளி. கொடி கல்லின் கிழக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எட்டாவதும் காலி. இவ்வளவையும் ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிடுவதால், பின்லாந்துப் பையனும் பேர்கனில் பிறந்த நம் வீட்டுப் பிள்ளையும் ஒரே தாளைப் படித்துக்கொண்டு ஓடலாம். சின்னங்களைக் கட்டத்தில் சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் தாளை அமைத்துத் தந்துவிடும். புதியவர்களுக்காகச் சின்னங்களுக்குப் பதில் சொற்களால் அச்சிடவும் வழி இருக்கிறது.

வட்டத்தின் அளவும் விதிப்படியே அமையும். காட்டு வரைபடத்துக்கான சர்வதேசத் தரத்தில், 1:15000 அளவையில் வட்டத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர். 1:10000 ஆகப் பெரிதாக்கினால் வட்டமும் 7.5 மில்லிமீட்டராகப் பெரிதாகும். தரையில் இரண்டுமே 75 மீட்டர். அந்த 75 மீட்டருக்குள் பத்துக் கல் கிடக்கலாம். வட்டத்தின் சரியான நடுவில் எது இருக்கிறதோ அதுதான் கண்ட்ரோல். வட்டக்கோடு ஒரு சிறு பாதையையோ இன்னொரு கல்லையோ மறைத்தால், அந்த இடத்தில் மட்டும் கோட்டை வெட்டி இடைவெளி விடும் கருவி இருக்கிறது. அனுபவமில்லாத அமைப்பாளரை இனம் காண எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு: வட்டங்களில் ஒரு வெட்டுக்கூட இல்லையென்றால் அவர் படத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை.

இன்னொரு பயன் தணிக்கை அறிக்கை. எந்தப் பாதையிலும் சேராமல் தனியாக நிற்கும் கண்ட்ரோல், விளக்கம் நிரப்பாத கட்டம், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டு கொடிகள் என்று பட்டியலிட்டுத் தரும். காட்டுப் போட்டியில் இரண்டு கண்ட்ரோல்களுக்கு இடையே குறைந்தது 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்பதும், இரண்டும் ஒரே மாதிரியான கற்களாகவோ பள்ளங்களாகவோ இருந்தால் 60 மீட்டர் வேண்டும் என்பதும் விதி. ஒவ்வொரு பாதையிலும் எத்தனை பேர் ஓடுவார்கள் என்று எழுதிவிட்டால், எந்தக் கொடிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கையும் தரும். 180 பேர் வரும் கொடியைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வைக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: மகளின் பாதை 3.2 கிலோமீட்டர் என்று தாளில் அச்சிட்டிருந்தது. அவளுடைய கைக்கடிகாரமோ 4.9 என்று காட்டியது. மென்பொருள் தவறா, மகள் வழி தவறினாளா?
— ஒரு தந்தை, ஒஸ்லோ

பதில்: இரண்டும் இல்லை, மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாதையின் நீளம் என்று அச்சிடுவது, தொடக்கத்திலிருந்து கண்ட்ரோல்கள் வழியாக முடிவுவரை நேர்கோட்டில் அளந்த தூரம். ஏரி, தாண்ட முடியாத செங்குத்துப் பாறை, உயர்ந்த வேலி, தடைசெய்யப்பட்ட பகுதி ஆகியவற்றைச் சுற்றிப் போக வேண்டிய இடங்களில் மட்டும் கோட்டை வளைத்து அளப்பார்கள். மனிதர் யாரும் காகம் பறப்பதுபோல் ஓடுவதில்லை. குன்றைச் சுற்றி, ஒற்றையடிப் பாதையைப் பிடித்து, கடைசியில் கொடியைத் தேடிக் கொஞ்சம் அலைந்து ஓடும்போது நேர்கோட்டுத் தூரத்தைவிட மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடுவது இளம் ஓட்டக்காரர்களிடம் சாதாரணம்.

கோட்டை வளைக்கும் பொறுப்பு அமைப்பாளருடையது. ஏரி எது என்பது பர்ப்பிள் பென்னுக்குத் தெரியாது. நீலம் அதற்கு இன்னொரு நிறம், அவ்வளவே. நாம் கோட்டைப் பிடித்து ஏரிக்கரையைச் சுற்றி மடக்கினால் நீளத்தைத் திருத்திக்கொள்ளும். ஏற்றத்தின் கணக்கும் அப்படியே: ஓடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய புத்திசாலித்தனமான குறுகிய வழியில் சம உயரக் கோடுகளை எண்ணி, மொத்த ஏற்றத்தை நாமே எழுத வேண்டும். அந்த ஏற்றம் பொதுவாக, அதே வழியின் நீளத்தில் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 6 கிலோமீட்டருக்கு 240 மீட்டர். மலைகள் நிறைந்த நோர்வேயின் மேற்குக் கரையில் இருப்பவர்கள் இந்த விதியைப் படித்துச் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: கண்ட்ரோல் எண்கள் ஏன் 1இலிருந்து தொடங்காமல் 31இலிருந்து தொடங்குகின்றன? 66, 99 போன்றவை ஏன் கண்ணில் படுவதில்லை?
— மாணவர், திருச்சி

பதில்: முதலாவது, வரிசை எண்ணும் குறியீட்டு எண்ணும் குழம்பாமல் இருப்பதற்காக. ஐந்தாவது கண்ட்ரோலின் எண் 7 என்று இருந்தால் களைத்து ஓடுபவரின் மூளை அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, கொடி காற்றில் விழுந்து எண் தலைகீழானால் 66 என்பது 99 ஆகும், 68 என்பது 89 ஆகும், 86 என்பது 98 ஆகும். ஆகவே இந்த ஆறையும் தவிர்க்கிறார்கள். 61ஐத் திருப்பினால் 19, 81ஐத் திருப்பினால் 18. அவை 31க்குக் கீழ் இருப்பதால் ஆபத்தில்லை. இப்படிப்பட்ட எண்களைத் தானே தாண்டிச் செல்லும்படி மென்பொருளில் ஒரு தேர்வைக் குறித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் கழகத்தின் தொடர் ஓட்டத்தில் பாதிப் பேர் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை. முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்த்தே ஓடிவிடுகிறார்கள். மென்பொருளால் இதைத் தடுக்க முடியுமா?
— கழகத் தொண்டர், சூரிச்

பதில்: முழுதாகத் தடுக்க முடியாது, முதுகை நம்பியவர் ஏமாறும்படி செய்யலாம். பாதையை ஓரிடத்தில் மூன்று கிளைகளாகப் பிரித்து மீண்டும் ஒரே கண்ட்ரோலில் சேர்ப்பதுதான் வழக்கமான முறை. மூவர் அணியில் ஒருவர் முதல் கிளை, ஒருவர் இரண்டாவது, ஒருவர் மூன்றாவது என்று ஓடுவார்கள். எந்த வரிசையில் என்பது அணிக்கு அணி மாறும். ஆனால் மூவரின் ஓட்டத்தையும் கூட்டினால் எல்லா அணிகளும் அதே தூரத்தை, அதே கொடிகளைக் கடந்திருக்கும். ஒரு பிரிவுக்கு 6 வரிசைகள் கிடைக்கும். பாதையில் இரண்டு இடங்களில் இப்படிப் பிரித்தால் 36. யாருக்கு எது என்று கையால் பங்கிட்டால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பர்ப்பிள் பென்னில் அணிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் பங்கிட்டுப் பட்டியல் தந்துவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கிளைகளின் இடைவெளி. மூன்று கிளைக் கொடிகளும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் இருந்தால் ஏமாற்றம் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். மிகத் தள்ளி வைத்தால் ஒரு கிளை மற்றதைவிடக் கடினமாகி, முதல் ஓட்டத்தில் எந்தக் கிளை கிடைத்தது என்பதைப் பொறுத்து அணிகள் முன்னும் பின்னுமாகச் சிதறிவிடும். ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்ததற்குப் போகும் பகுதியை 'லெக்' என்போம். கிளைகளில் உள்ள லெக்குகளின் நீளத்தை மென்பொருள் அளந்து காட்டும். மூன்றும் ஏறக்குறையச் சமமாக இருந்தாலும் நிறைவடையாதீர்கள். 400 மீட்டர் சமதளக் காடும் 400 மீட்டர் முட்புதரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

கேள்வி: இவ்வளவு மென்பொருள் இருந்தும் உங்கள் போட்டிகளில் குளறுபடி நடந்ததுண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்.
— வாசகி, டொராண்டோ

பதில்: மறைக்க என்ன இருக்கிறது! ஓர் இலையுதிர்காலச் சனிக்கிழமை, சிறுவர்களுக்கான போட்டி. அதற்கு முந்தின நாள் இரவு, 47ஆம் எண் மின்னணுப் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருப்பதைக் கண்டேன். ஓடுபவர் விரலில் மாட்டியிருக்கும் மின்னணுச் சில்லை (சிப்) ஒவ்வொரு கொடியிலும் உள்ள இந்தப் பெட்டியில் செருகினால்தான் வருகை பதிவாகும். 57ஆம் பெட்டியை அங்கே வைப்பதாக முடிவு செய்து, மென்பொருளில் எண்ணை மாற்றி, விளக்கத் தாள்களைப் புதிதாக அச்சிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். முடிவுகளைக் கணக்கிடும் கணினிக்கு எக்ஸ்.எம்.எல். கோப்பாகப் பாதை விவரங்களை அனுப்பியிருந்ததும், அந்தக் கோப்பில் இன்னும் 47 இருப்பதும் நினைவில் இல்லை. மறுநாள் முதலாவதாக ஓடி வந்த பத்து வயதுப் பையனுக்குக் கணினி 'கண்ட்ரோல் விடுபட்டது' என்று அறிவித்தது. அடுத்து வந்த ஐந்து பேருக்கும் அதே தீர்ப்பு. காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பையனின் உதடு துடித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம், ஏற்றுமதி செய்த பிறகு பாதையில் எதைத் தொட்டாலும் மீண்டும் ஏற்றுமதி செய்த பிறகுதான் கணினியை மூடுகிறேன்.

அச்சிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பி.டி.எஃப். கோப்பை அச்சிடும்போது 'தாளுக்கு ஏற்பப் பொருத்து' என்ற தேர்வு இயல்பாகவே குறிக்கப்பட்டிருந்தால், படம் 96 விழுக்காடாகச் சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. காட்டு வரைபடத்தில் காந்த வடக்குக் கோடுகள் 300 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். 1:10000 அளவையில் அது 30 மில்லிமீட்டர். நான்கு இடைவெளிகளை அடிமட்டத்தால் அளந்தால் 120 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒருமுறை 115 வந்தது. 200 தாள்களையும் மறுபடி அச்சிட வேண்டியிருந்தாலும், போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அளந்து பார்த்தது நல்லதாயிற்று.

மூன்றாவது, மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாதது. மே மாதத்தில் போய்ப் பார்த்து, திறந்த காடு என்று மகிழ்ந்து, சிறுவர் பாதைக்கு ஒரு லெக் அமைத்தேன். ஆகஸ்டில் கொடி கட்டப் போனபோது அங்கே பன்னம் (பெரணிச் செடி) இடுப்பளவு வளர்ந்திருந்தது; எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலை மறையும் உயரம். திரையில் அந்த லெக் அப்போதும், எளிதாக ஓடக்கூடிய காட்டைக் குறிக்கும் வெள்ளை நிறத்திலேயே இருந்தது.

கேள்வி: எனக்கு 13 வயது. எங்கள் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பாதை அமைத்துத் தரும்படி பயிற்சியாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பர்ப்பிள் பென் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும், ஐயா?
— மாணவி, பேர்கன்

பதில்: மகளே, 1897 அக்டோபர் 31ஆம் நாள் ஒஸ்லோவுக்கு அருகே நடந்த முதல் பொதுப் போட்டியில் ஓடியவர்கள் எட்டுப் பேர், கண்ட்ரோல்கள் மூன்று, அந்த மூன்றும் பண்ணை வீடுகள். தேடாமலே கண்ணில் படும் இடங்கள். உன் முதல் பாதையும் அந்த மனப்போக்கில் இருக்கட்டும். ஒவ்வொரு கொடியையும் நடைபாதையின் மேலேயே, முச்சந்தியிலோ பாலத்திலோ வேலியின் மூலையிலோ வை. ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒரு கொடி இருந்தால், புதியவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு கிலோமீட்டருக்குள் முடித்துவிடு.

பாதையைத் திரையில் கோத்த பிறகு, வட்டங்களை மறந்துவிட்டுக் கோடுகளை மட்டும் பார். ஒரு கண்ட்ரோலுக்குள் நுழையும் கோடும் வெளியேறும் கோடும் கூர்மையான கோணத்தில் ஒட்டியிருந்தால், கொடியைப் பிடித்துவிட்டுத் திரும்பி வருபவர், தேடிக்கொண்டு வருபவருக்கு எதிரே வந்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் கொடியை மாற்று, அல்லது நடுவில் இன்னொரு கண்ட்ரோலைச் சேர்த்துக் கோணத்தை விரி.

பிறகு தாளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போ. கொடி தொங்க வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சிறு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டு வா. மறுநாள் உன் பயிற்சியாளரிடம் வெறும் வரைபடத்தை மட்டும் கொடுத்து, ரிப்பன்களைக் கண்டுபிடிக்கச் சொல். அவர் எந்த ரிப்பனுக்காக நின்று தயங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள். அன்று மாலை மென்பொருளைத் திறக்கும்போது நீ நகர்த்த வேண்டிய வட்டம் எது என்று தெரிந்திருக்கும்.